அடியில் எழுதிய சுழி பிஸ்கெட்

போன மாதம் சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் ஓவனில் கலர் கலராகச் சுழி பிஸ்கெட் சுட்டாள். இரண்டு நிற மாவை ஒன்றாகச் சுருட்டி ஃபிரிட்ஜில் வைத்திருந்ததை எடுத்து, கத்தியால் வட்டம் வட்டமாக அறுத்து, தட்டில் பரப்பி உள்ளே தள்ளினாள். கால் மணி நேரத்தில் மணி அடித்தது. அவள் சட்டென்று கதவைத் திறக்கவும் நான் என்னையறியாமல் கத்திவிட்டேன்.

"இருடி, ஆறட்டும். அதுக்குள்ள ஏன் தொறக்கிற?"

"ஆறினா கல்லாயிடும்மா" என்றாள் அவள், ஏதோ எனக்குத் தெரியாத விஷயம் போல. எனக்கா தெரியாது? அதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் இந்த உலகத்தில் இருக்க மாட்டாள். ஒரு பிஸ்கெட்டை எடுத்துக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன். "அங்க என்ன இருக்குது?" என்று சிரித்தாள். ஒன்றுமில்லை. ஒன்றும் எழுதாத வெறும் அடி. அவள் அப்பா இருந்திருந்தால் அவரும் அப்படித்தான் கவிழ்த்துப் பார்த்திருப்பார்.

இந்தக் கவிழ்த்துப் பார்க்கிற புத்தி எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களைச் சாகும்வரை விடாது. யார் வீட்டிலாவது பீங்கான் கோப்பையில் டீ கொடுத்தால் குடிக்கும் முன்னால் அடியைப் பார்ப்போம். டீ நிரம்பியிருந்தால் கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கியாவது பார்ப்போம். காரணம் இருக்கிறது. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையில் இரண்டு பாதியும் சேர்கிற இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். அதைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது பெண்களின் வேலை. வேலை முடிந்ததும் அவரவர் பொம்மையின் அடியில் அவரவர் அடையாளத்தை ஊசியால் கீறிவிட வேண்டும். சூளையிலிருந்து வெளியே வரும்போது எதிலாவது விரிசல் இருந்தால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டும் அல்லவா? ஒருத்திக்கு இரண்டு கோடு, ஒருத்திக்கு ஒரு புள்ளி. எனக்கு ஒரு சுழி. கொசுவர்த்திச் சுருள் மாதிரி உள்ளே தொடங்கி வெளியே வரும் சின்னச் சுழி.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் அந்த வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் அங்கே சூளையில் வேலை பார்த்தார். சாகர் என்று கனமான மண் பெட்டிகள் உண்டு, மூடி போட்ட பெரிய வட்டச் சட்டி மாதிரி. பொம்மைகளை அதற்குள் அடுக்கி மூடித்தான் சூளைக்குள் ஏற்றுவார்கள். அடுக்குகிற ஆள் ஒவ்வொரு பொம்மையையும் கவிழ்த்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். "உன் மூஞ்சப் பாக்குறதுக்கு முன்னால ஆறு மாசம் உன் சுழியத்தான் பாத்தேன்" என்று கல்யாணமான புதிதில் சொன்னார். அவர் எனக்குச் சொன்ன ஒரே காதல் வசனம் அதுதான். மீதி நேரமெல்லாம் சூளையைப் பற்றித்தான் பேசுவார். புதுப் பெண்டாட்டியிடம் பேச அந்த மனுஷனுக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லை.

அதில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார். "தீய நிறுத்தின பெறகு ஒண்ணர நாளு சூள வாசல தொடக் கூடாது. உள்ள எப்புடி இருக்குதோன்னு மனசு கெடந்து அடிச்சிக்கும். அடிச்சிக்கட்டும். ஆறாம தொறந்தா குளுந்த காத்து பட்டு அத்தனையும் வெடிச்சிரும்." அப்படி ஒரு தடவை யாரோ அவசரப்பட்டுத் திறந்து ஒரு சூளைச் சரக்கும் டிக் டிக் என்று வெடித்ததாம். அந்தச் சத்தத்தை அவர் நாக்கால் செய்து காட்டுவார். நான் சிரிப்பேன். அவர் சிரிக்க மாட்டார்.

எட்டு மாதம்தான் சேர்ந்து இருந்தோம். அதற்குள் அரபு நாட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எங்கள் தெருவே கிளம்பியது. அவரும் பம்பாய்க்கு ரயில் ஏறிப் போய்விட்டார். இரண்டு வருஷ வேலை, முடிந்ததும் லீவு என்று பேச்சு. நான் மாமியாரோடும் நாத்தனாரோடும் இருந்தேன். கல்யாணமானதும் கம்பெனிக்குப் போகக் கூடாது என்றாகிவிட்டதால் கைக்கு வேலை இல்லை. சப்பாத்தி மாவு உருட்டினால்கூட விரல் தானாகச் சுழி போட்டது.

அவருடைய கடிதம் மாதம் ஒன்று வரும். வீட்டுக்கே சேர்த்து ஒரு கடிதம். 'அன்புள்ள அம்மாவுக்கு' என்று தொடங்கும். நாத்தனார் எட்டாவது வரை படித்தவள், அவள்தான் சத்தமாகப் படிப்பாள். பதிலும் அவள்தான் எழுதுவாள். மாமியார் சொல்லச் சொல்ல நீலத்தாள் முழுக்க நிரப்பி, ஒட்டுகிற இடத்துக்கு வந்ததும் என்னைப் பார்ப்பாள்.

"அண்ணி, நீங்க எதாச்சும் சொல்லணுமா?"

"சலாம் சொல்லு."

மாமியார் முன்னால் வேறென்ன சொல்வது? ஐந்தாவதோடு நின்றாலும் எழுத்து எனக்கும் தெரியும். தனியாக ஒன்று எழுதிப் போட்டிருக்கலாமே என்று மகள் இப்போது கேட்கிறாள். புருஷனுக்குத் தனிக் கடிதம் எழுதுகிற மருமகளை அன்றைக்கு எங்கள் வீட்டில் வெட்கம் கெட்டவள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். தபால்காரர் வேறு எங்கள் மாமியாருக்குத் தம்பி முறை. கடிதத்தைப் பெட்டியில் போட்டால் அது அரபு நாட்டுக்குப் போகும் முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

இரண்டு வருஷம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது அடுத்த தெருக்காரர் ஒருவர் லீவில் வந்தார். அவரிடம் என் வீட்டுக்காரர் ஒரு கடிதமும் ஒரு வட்டத் தகர டப்பாவும் கொடுத்து அனுப்பியிருந்தார். கடிதத்தை நாத்தனார் படித்தாள். "கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். லீவு எடுக்காமல் இருந்தால் தங்கச்சி கல்யாணத்தை நல்லபடியாக முடிக்கலாம். மாதக் கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா சொல்கிறபடி செய்கிறேன்." படித்து முடித்த நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் உடனே "அல்லா காப்பாத்துவான், இருந்து முடிச்சிட்டு வரட்டும்" என்றார். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டப்பாவுக்குள் பிஸ்கெட். ரோஸும் வெள்ளையும் ஒன்றுக்குள் ஒன்று சுருண்ட வட்ட பிஸ்கெட். எல்லாமே சுழி. என் சுழி.

அவர் அதை நினைத்துத்தான் வாங்கினாரா, கடையில் கைக்குக் கிடைத்ததை வாங்கினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அன்றைக்கு அது எனக்குத் தனியாக வந்த கடிதம் என்றே எடுத்துக்கொண்டேன். மாமியார் சொந்தக்காரர்களுக்கெல்லாம் பங்கு போட்டு, எனக்கு உடைந்ததில் ஒன்று கொடுத்தார். அதைத் தின்னாமல் வைத்து, எப்படிச் சுருட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பதினைந்து நாள் கழித்து அந்த அடுத்த தெருக்காரர் கிளம்புகிறார் என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வேப்பூர் போய் மெட்ராஸ் பஸ் பிடிக்கிறார். மாமியாருக்கு ஒரு வழக்கம் உண்டு. வந்த ஏனத்தை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டார். பக்கத்து வீட்டுக் கிண்ணம் என்றாலும் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார். அந்த மரியாதையை அரபு நாட்டுத் தகர டப்பாவுக்கும் கொடுத்தார்.

"டப்பாவ வெறுமனே அனுப்பக் கூடாது. எதாச்சும் உருண்ட புடிச்சி வைக்கலாமா?"

"இதே மாதிரி பிஸ்கெட்டு நான் செய்யறேன் மாமி" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

நோன்புப் பெருநாளுக்கு நானகத்தா பிஸ்கெட் செய்து, தட்டுகளைப் பேக்கரி அடுப்புக்கு அனுப்பிச் சுட்டு வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். மாமியார் அப்படித்தான் செய்யச் சொன்னார். நான் வீட்டிலேயே சுடுகிறேன் என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. காரணம் இதுதான்: ஒரு பிஸ்கெட்டின் அடியில் ஊசியால் 'வாங்க' என்று கீறிவிடப் போகிறேன். வேறு யார் கையில் கொடுத்தாலும் மேலே பார்ப்பார்கள், வாயில் போடுவார்கள். அவர் கவிழ்த்துப் பார்ப்பார். பழக்கம் விடாது. மாதக் கடைசிக்குள் அது அவர் கைக்குப் போய்விட்டால் கையெழுத்துப் போட மாட்டார், வந்துவிடுவார். நாத்தனார் கல்யாணம் தள்ளிப் போகுமே என்று அப்போது நினைத்தேனா? நினைத்தேன். தள்ளிப் போகட்டும் என்றும் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

அடுப்புக்கு என்ன செய்வது? கொல்லையில் அவர் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து போட்ட ஓரம் விரிசல் விட்ட சாகர் ஒன்று கிடந்தது. அதில் எங்கள் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. கோழியை விரட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்து, கரியைக் கொட்டி ஒரு தடவை உள்ளே நெருப்பு வளர்த்துச் சுத்தம் செய்தேன். கோழி சுவர் மேல் ஏறி நின்று என்னைத் திட்டிக்கொண்டே இருந்தது. சாகரின் அடியில் இரண்டு விரல்கடை மணிமுத்தாற்று மணல், அதன் மேல் அலுமினியத் தட்டு. கீழே கரியடுப்பு, மூடிக்கு மேலும் கனல். பார்த்தால் குட்டிச் சூளை.

புதன்கிழமை காலையில் உட்கார்ந்தேன். மைதா, பொடித்த சர்க்கரை, டால்டா, ஏலக்காய். பிசைந்த மாவை இரண்டாகப் பிரித்து ஒன்றில் ரோஸ் கலர் பவுடர் போட்டேன். இரண்டையும் தனித்தனியாகத் தேய்த்து, ஒன்றின் மேல் ஒன்றை வைக்கும் முன்னால் நடுவில் பால் தடவினேன். பச்சைப் பொம்மைக்குக் கை ஒட்டும்போது மண் கூழ் தடவுவோமே, அது மாதிரி. பிறகு பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, ஈரத்துணியில் சுற்றி, தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கும் ஈர மணலில் வைத்தேன். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் அதுதான். இறுகியதும் எடுத்து, கத்தி வைத்தால் சுழி நசுங்கும் என்று நூலால் அறுத்தேன். களிமண்ணை அப்படித்தான் அறுப்போம். வட்டங்கள் ஒவ்வொன்றாக விழ விழ உள்ளே சுழி அப்படியே இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

இரண்டு வட்டங்களைக் கவிழ்த்து, ஊக்கின் முனையால் 'வாங்க' என்று எழுதினேன். ஒன்று உடைந்தால் ஒன்று இருக்கட்டும். சூளைக்காரர் பெண்டாட்டிக்கு அதுகூடத் தெரியாதா?

இதுவரை எல்லாம் சரி. இனிமேல் செய்ததெல்லாம் தப்பு. வட்டங்களை எடுத்தவுடன் அடுப்பில் வைக்கவில்லை. பச்சைச் சரக்கு நிழலில் காயாமல் சூளை ஏறலாமா? மத்தியானம் வரை நிழலில் காய வைத்தேன். பிறகு சாகருக்குள் அடுக்கி, மூடி, மேலும் கீழும் கனல் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஏலக்காயும் சர்க்கரையுமாக வாசம் வந்தது. நாத்தனார் ஓடி வந்தாள்.

"அண்ணி, வாசம் வந்திருச்சி. தொறங்க."

"தொடாத. ஆறணும்."

"நெருப்ப எடுத்தாச்சும் பாக்கலாமே?"

"மனசு கெடந்து அடிச்சிக்கும். அடிச்சிக்கட்டும்" என்றேன், அப்படியே அவர் குரலில். சொல்லும்போதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு வருஷமாக அவர் சொல்லைக் கேட்டு நடக்கிற பாக்கியம் எனக்கு ஏது? அவர் பக்கத்தில் நின்று பார்ப்பது போலவே இருந்தது. வாசம் தீய்ந்த வாசமாக மாறியபோதும் நான் நகரவில்லை. கனல் தானாக அவியட்டும், மணல் தானாக ஆறட்டும் என்று மறுநாள் காலை வரை மூடியைத் தொடவில்லை.

வியாழக்கிழமை காலையில் திறந்தேன். ஒன்றுகூட வெடிக்கவில்லை. சுழி அழகாக இருந்தது. ரோஸ் மங்கிச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. 'வாங்க' அச்சடித்தது போல இருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தேன். பல் வழுக்கியது. இன்னும் அழுத்தினேன். கை தவறிக் கீழே விழுந்து, ஓடு உடைகிற சத்தத்தோடு இரண்டாகப் போனது. எழுதிய இரண்டில் ஒன்று அது. உடைந்த துண்டுகளைக் கோழிக்குப் போட்டேன். கோழி ஒரு கொத்து கொத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தது.

மாமியார் வந்து பார்த்தார். "இதென்னடி, பிஸ்கெட்டு சுடச் சொன்னா ஓடு சுட்டு வச்சிருக்கிற?" என்று சிரிக்கத் தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். "அதுக்கா அழுவுற? நானகத்தா வெந்தவுடனே எடுக்கணும்டி. யாராச்சும் ராத்திரி பூரா அடுப்புக்குள்ள வைப்பாங்களா?"

வைப்பார்கள். எங்கள் கம்பெனியில் எல்லாரும் வைப்பார்கள். மண்ணைச் சுடுவது தின்பதற்கு இல்லை என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

மறுநாள் அடுத்த தெருக்காரர் கிளம்புகிறார். திரும்ப உட்கார்ந்தேன். ரோஸ் பவுடர் தீர்ந்துவிட்டது. கடையில் பச்சைக் கலரும் கேசரிப் பவுடரும்தான் இருந்தன. ஒரு பாதி பச்சை, ஒரு பாதி ஆரஞ்சு. இந்தத் தடவை மாமியாரே பக்கத்தில் உட்கார்ந்து டால்டாவை அள்ளிப் போட்டார், ஒரு சிட்டிகை சோடா உப்பும் போட்டார். காய வைக்க விடவில்லை. வாசம் வந்ததும் "எடு, எடு" என்று கையைத் தட்டினார். மூடியைத் தூக்கும்போது எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. காது தானாக டிக் டிக் சத்தத்துக்குக் காத்திருந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை. பச்சையும் ஆரஞ்சுமாகப் பூப் பூவாக உப்பி, வாயில் போட்டதும் கரைந்தது. நாத்தனார் நான்கு தின்றாள்.

அவளும் மாமியாரும் நகர்ந்ததும் நான் எழுதியிருந்ததைத் தேடினேன். மாமியார் கண்ணுக்குத் தப்பி மூன்றின் அடியில் கீறியிருந்தேன். ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். ஒன்றிலும் எழுத்து இல்லை. மாவு உப்பி, கீறலெல்லாம் மூடிப் போயிருந்தது. தின்கிற மாதிரி வந்ததில் எழுத்து நிற்கவில்லை. எழுத்து நின்றதைத் தின்ன முடியாது.

வெள்ளிக்கிழமை டப்பாவின் அடியில் அந்தக் கல் பிஸ்கெட்டை வைத்து, மேலே பச்சையும் ஆரஞ்சுமாக அடுக்கினேன். மாமியார் விடுவாரா? எல்லாவற்றையும் ஒரு தடவை வெளியே எடுத்து ஒழுங்காக அடுக்கினார். கல் கையில் வந்தது.

"இது ஏன் ஒண்ணு மட்டும் இங்க கெடக்குது?"

"ரோஸு ஒண்ணாச்சும் இருக்கட்டும் மாமி. அவங்க அனுப்புனது ரோஸுதானே."

அவர் அதை டப்பாவின் விளிம்பில் தட்டினார். டங் என்றது. "எம் புள்ளைக்குப் பல்லு போயிரும்டி" என்றார். கையில் வைத்து இப்படியும் அப்படியும் பார்த்தார். ஆனால் அவர் கவிழ்க்கவில்லை. பீங்கான் கம்பெனி வாசலை மிதிக்காதவர், கவிழ்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது. "கெடக்கட்டும், ஆசப்பட்டு வைக்கிற" என்று திரும்ப உள்ளே போட்டு மூடினார்.

அதன் பிறகு நான் காத்திருந்ததைப் போல என் வாழ்நாளில் எதற்கும் காத்திருந்ததில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் கையில் இருக்கிற கரண்டியோடு ஓடுவேன். ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நாத்தனார் பிரித்துப் படித்தாள்.

"பிஸ்கெட் கிடைத்தது. ரூமில் எட்டுப் பேர். டப்பா திறந்த அன்றே காலியாகிவிட்டது. எல்லாரும் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தார்கள். அம்மா செய்தது என்று சொன்னேன். அதில் ஒன்று மட்டும் கல் மாதிரி இருந்தது, கடிக்க முடியவில்லை. இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தங்கச்சிக்கு மாப்பிள்ளையை முடிவு செய்யவும்."

மாமியார், "பாத்தியா, அந்த ஒண்ணப் போட்டு மானத்த வாங்கிட்டியே" என்றார். நான் கொல்லைக்குப் போனேன். சாகரை ஓங்கி ஓர் உதை விட்டேன். அது அசையவில்லை. என் கால் கட்டை விரல் நகம் பெயர்ந்துவிட்டது. மறுநாளிலிருந்து கோழி பழையபடி அதில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவர் கவிழ்த்துப் பார்க்கவில்லை என்று முடிவு கட்டினேன். இரண்டு வருஷத்தில் அந்தப் பழக்கம்கூடப் போய்விட்டதென்றால் என்னை மட்டும் எதற்கு நினைவு வைத்திருக்கப் போகிறார்? கோபத்தில் நாத்தனாரிடம், "இனிமே எஞ் சலாத்த எழுதாத" என்றேன். அவள் நல்ல பிள்ளை, எனக்குத் தெரியாமல் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவள் கல்யாணம் நடந்தது. பெண்ணாடத்தில் கொடுத்தோம். அண்ணன் இல்லையே என்று அழுதுகொண்டேதான் பஸ் ஏறினாள். அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். அவளுக்காகவா எனக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பிறகு அவர் வந்தார். மெலிந்து, கறுத்து, முன்நெற்றி ஏறி. கூடத்தில் சொந்தக்காரர் கூட்டம் நிற்க, பெட்டியைத் திறந்து சேலை, சென்ட், டார்ச் லைட் என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியாக அடியிலிருந்து அந்த வட்ட டப்பாவை எடுத்து, "இத உள்ள வை" என்று என்னிடம் நீட்டினார். லேசாக இருந்தது. நடக்கும்போது உள்ளே ஏதோ உருண்டது.

அடுக்களையில் நின்று திறந்தேன். கைக்குட்டையில் சுற்றி ஒற்றை பிஸ்கெட். ரோஸ் கிட்டத்தட்டப் போய்விட்டது, சுழி மட்டும் தெரிந்தது. என் கை தானாகக் கவிழ்த்தது. அடி வெறுமையாக இருந்தது. ஓர் எழுத்து இல்லை. வழவழவென்று, ஸ்பாஞ்ச் போட்டுத் துடைத்த பச்சைப் பொம்மை மாதிரி. ஒருவேளை எழுதாததை வைத்து அனுப்பிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே வந்தார். நான்கு வருஷம் கழித்துப் புருஷன் பக்கத்தில் வந்து நிற்கிறான், நான் வாயைத் திறந்ததே சண்டைக்குத்தான்.

"பீங்கான் கம்பெனியில வேல பாத்த ஆளுதானே நீங்க? அடியப் பாக்கத் தெரியாதா?"

"பாத்தேன்."

"எப்ப?"

"அன்னைக்கே பாத்தேன். எல்லாரும் மேல இருக்கிறத எடுத்துத் தின்னாங்க. எனக்கு இது கெடச்சிது."

"அப்ப கையெழுத்து?"

"பாத்துட்டுத்தான் போட்டேன்" என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர்ச் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணாடத்துப் பஸ்ஸில் ஏறின நாத்தனார் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

"அப்ப எழுத்து எங்க?" என்றேன், குரலை இறக்கி.

அவர் பிஸ்கெட்டை என் கையிலிருந்து வாங்கினார். கட்டை விரல் அதன் அடியில், பழகின இடத்துக்குப் போவது போலப் போய் உட்கார்ந்தது. மெல்லத் தேய்த்தது.

"பாத்துப் பாத்துத்தான் போச்சி."

கூடத்திலிருந்து மாமியார் அவரைக் கூப்பிட்டார். அவர் போய்விட்டார். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பாவி மனுஷன், இதை ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கக் கூடாதா? எந்தக் கடிதத்தில் சொல்வார்? எல்லாக் கடிதமும்தான் கூடத்தில் சத்தமாகப் படிக்கிற கடிதம்.

வந்தது இரண்டு மாத லீவுக்குத்தான். அது முதல் நாளே தெரியும் என்றாலும் தெரியாதது போல இருந்தோம். என் மகள் வயிற்றில் வந்தது அப்போதுதான். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் அந்த டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்துவிட்டு, பிஸ்கெட்டை எடுத்து என் கையில் வைத்து, வெறும் டப்பாவை நீட்டினார்.

"இது அழிஞ்சிபோச்சி. புதுசா ஒண்ணு எழுதிக் குடு."

"சுட்ட பெறகு எழுத முடியாது, பச்சையிலதான் எழுதணும்" என்றேன்.

"தெரியும். அதான் ரெண்டு நாளு முன்னாடியே சொல்றேன்."

கொல்லைக்குப் போய்க் கோழியை விரட்டினேன். மாவு பிசைந்தேன், ரோஸ் கலர் போட்டேன், சுருட்டினேன், நூலால் அறுத்தேன். சோடா உப்பு போடவில்லை. ஊக்கால் எழுதும்போது முன்பைவிட ஆழமாகக் கீறினேன். நிழலில் காய வைத்துச் சாகருக்குள் வைத்து மூடினேன். ஏலக்காய் வாசம் வந்தது. மாமியார் கூடத்திலிருந்து, "வெந்திருச்சிடி, எடு, எடு" என்று கத்தினார். என் வீட்டுக்காரரும் நானும் சாகருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலையில் நன்றாக ஆறிய பிறகுதான் திறந்தேன்.